ஆக்டேன் எண்ணின் வரலாறு

பெட்ரோல் நிலையத்தில் மோட்டார் சைக்கிளைக் கொண்டு நிறுத்துவோர் முன்னே எண்கள் நிற்கின்றன. மலேசியாவில் 95, 97 என்பன அவ்வெண்கள். சிங்கப்பூரில் 95, 98 என்பனவும், சில நிலையங்களில் 92 என்பதும் காணப்படும். எண் உயர உயர விலையும் உயர்கின்றது. விலை மிகுந்த பொருள் வலிமையும் மிகுந்தது என்று எண்ணுவது மக்கள் இயல்பு. ஆதலின், வேலைக்குச் செல்லும் இளைஞன் ஒருவன் தன் சிறிய கப்சாய் வண்டிக்கு உயர்ந்த எண்ணுடைய பெட்ரோலை ஊற்றி, 'இன்று வண்டி பறக்கும்' என்று மகிழ்கின்றான். வண்டி பறப்பதில்லை, பணம் மட்டுமே பறக்கின்றது.

இவ்வெண் எதனை அளக்கின்றது? யார் இதனை வகுத்தனர்? எத்தேவை பற்றி வகுத்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுவோர், பொறியியல் வரலாற்றின் சுவைமிக்க பகுதி ஒன்றையும், துயர்மிக்க பகுதி ஒன்றையும் ஒருங்கே காண்பர். அவ்விரண்டையும் அறிந்த பின்னரே, எந்த வண்டிக்கு எந்த எண் என்னும் வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்கும்.

தட்டல் என்னும் நோய்

பெட்ரோல் எஞ்சினின் உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நுழைகின்றன. பிஸ்டன் மேலெழுந்து அக்கலவையை அமுக்குகின்றது. அப்பொழுது ஸ்பார்க் பிளக்கில் மின்பொறி தோன்றுகின்றது. பொறி பட்ட இடத்தில் பிறந்த சுடர் சீராகப் பரவிக் கலவை முழுவதையும் எரிக்கின்றது. எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. இது முறையான எரிதல்.

சிலபோது இம்முறை தவறிவிடும். சுடர் பரவும்பொழுது, இன்னும் எரியாது எஞ்சி நிற்கும் கலவை ஒரு மூலையில் நெருக்குண்டு சூடேறுகின்றது. சுடர் வந்து தீண்டுமுன்பே அது தானாகப் பற்றி ஒரு நொடியில் வெடித்துவிடுமாயின், அழுத்த அலைகள் உருளையின் சுவரில் மோதுகின்றன. இரும்பைச் சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழுகின்றது. இதனையே ஆங்கிலேயர் 'நாக்கிங்' என்றனர்; தமிழில் 'தட்டல்' எனலாம். தட்டல் நீடித்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்; ஆற்றல் குன்றும்; முடிவில் பிஸ்டனின் தலை உருகித் துளைபடுதலும் உண்டு.

அப்படியாயின், கலவையை மிகுதியாக அமுக்காமல் விட்டுவிடலாமே எனின், அதற்கும் தடை உண்டு. அமுக்கத்தில்தான் சிக்கனம் இருக்கின்றது. கலவை நான்கில் ஒரு பங்காக அமுக்கப்படும் எஞ்சின், கோட்பாட்டளவில் எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 43 பங்கு வரையே வேலையாக மாற்றவல்லது. எட்டில் ஒரு பங்காக அமுக்கினால் அது 56 ஆகும். பத்தில் ஒரு பங்காக அமுக்கினால் 60 ஆகும். நடைமுறையில் கிடைப்பது இதனினும் குறைவே. ஆயினும் ஏறுமுகம் அதுவே. அமுக்க விகிதத்தை உயர்த்தினால் ஆற்றல் பெருகும், செலவு குறையும். ஆனால் தட்டல் தோன்றிக் கதவை அடைத்துவிடும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியியலார் வந்து நின்ற முட்டுச்சந்து இதுவே.

போர்னியோவில் வீணான செல்வம்

இம்முட்டுச்சந்திலிருந்து வெளியேறும் வழியைக் கண்டோருள் ஒருவர் இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ. 1885-இல் பிறந்த அவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் ஹாப்கின்சனிடம் பயின்றவர்; முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு எஞ்சின் வகுத்தவர். தட்டல் எஞ்சினின் குற்றம் மட்டுமன்று, எரிபொருளின் குணமுமாகும் என்பதை அவர் ஆராய்ந்து நிறுவினார்.

ஷெல் நிறுவனம் பல நாடுகளின் பெட்ரோல் மாதிரிகளை அவரிடம் அனுப்பியது. அவற்றுள் ஒன்று மற்ற எல்லாவற்றையும் விஞ்சித் தட்டலைத் தாங்கி நின்றது. அது போர்னியோத் தீவிலிருந்து வந்தது. அப்பெட்ரோலோ காட்டில் வீணாகக் கொளுத்தப்பட்டு வந்தது! காரணம் யாது? அந்நாளில் பெட்ரோலின் தரத்தை அதன் அடர்த்தியைக் கொண்டு மதிப்பிட்டனர். இலேசான பெட்ரோலே நல்ல பெட்ரோல் என்பது வணிகர் வகுத்த விதி. போர்னியோப் பெட்ரோல் கனமானது. எனவே விதிக்கு உட்படாது கழிக்கப்பட்டது.

அக்கனத்தில்தான் அதன் சிறப்பு இருந்தது. டொலுயீன் முதலிய வளைய வடிவச் சேர்மங்கள் அதில் மிகுதி. அவை அமுக்கத்தையும் வெப்பத்தையும் எளிதில் தாங்குவன. போர்க்காலத்தில் வெடிமருந்து செய்யவும் போர்னியோ எண்ணெயிலிருந்து டொலுயீனைப் பிரித்தெடுத்தனர்; அதன் பொருட்டு 1915-இல் ராட்டர்டாமில் இருந்த வடிகலன் ஆலை ஒன்றையே பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றனர். அதே தீவில், இன்றைய மலேசியாவைச் சேர்ந்த மிரியில், 1910-ஆம் ஆண்டிலேயே எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டிருந்தது என்பது நம் மாணாக்கர் அறிந்த செய்தி.

தவறான எண்ணைத் தரத்திற்கு அளவுகோலாகக் கொண்டமையால் நல்ல பொருள் தீயிலிடப்பட்டது. அடர்த்தி என்ற எண் பொய்யன்று. அது சொல்லாத ஒன்றை அது சொல்வதாக மக்கள் கொண்டதே பிழை. இதனை வாசகர் நினைவில் வைத்தல் நன்று. பின்னால் மீண்டும் இதன் தேவை நேரும்.

அமுக்க விகிதத்தை ஓடும்பொழுதே கூட்டவும் குறைக்கவும் வல்ல சோதனை எஞ்சின் ஒன்றை ரிக்கார்டோ செய்தார். ஒவ்வொரு பெட்ரோலும் எந்த அளவு அமுக்கத்தைத் தட்டலின்றித் தாங்கும் என்று அதில் அளந்தார். மோட்டார் சைக்கிளும் இவருக்குக் கடன்பட்டது. ஒரே உருளையில் நான்கு வால்வுகள் அமைந்த எஞ்சின் ஒன்றை டிரையம்ப் நிறுவனத்திற்கு அவர் வகுத்துத் தர, 1921-இல் அது வண்டியாக வெளிவந்தது. அவர் பெயராலேயே அது 'டிரையம்ப் ரிக்கார்டோ' என வழங்கலாயிற்று.

சிவப்பு நிறமும் ஈயமும்

அதே காலத்தில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பாரும், அவரிடம் பணிபுரிந்த தாமஸ் மிட்ஜ்லி என்பாரும் இந்நோய்க்கு மருந்து தேடினர். மிட்ஜ்லியின் முதற் கருத்து விந்தையானது. பெட்ரோலுக்குச் சிவப்பு நிறம் ஊட்டினால் அது வெப்பத்தை ஈர்த்து விரைவில் ஆவியாகித் தட்டலை நீக்கும் என்று அவர்கள் கருதினர். சிவப்புச் சாயம் கையில் இல்லாமையால் அயோடினைக் கலந்து பார்த்தனர். தட்டல் குறைந்தது! கருத்து மெய்யாயிற்று என மகிழ்ந்து, பின்னர் வேறு சிவப்புச் சாயங்களைக் கலந்தனர். ஒன்றும் பயன் தரவில்லை. நிறமற்ற அயோடின் சேர்மத்தைக் கலந்தபொழுதோ பயன் கிட்டியது. நிறம் காரணமன்று, அயோடினே காரணம் என்பது அப்பொழுது விளங்கிற்று. பிழையான கருத்தும், அதனை நேர்மையாகச் சோதிப்போர் கையில், உண்மைக்கு வழிகாட்டும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறைக்குக் கிடைப்பது அரிது.

அயோடின் விலை மிகுந்தது, உலோகத்தை அரிப்பது. ஆகவே தேடல் தொடர்ந்தது. டெல்லூரியம் என்னும் தனிமத்தின் சேர்மம் நன்கு வேலை செய்தது. ஆனால் அதன் உள்ளிப்பூண்டு போன்ற நாற்றம் உடலையும் உடையையும் விட்டு நீங்க மறுத்தது. இறுதியாக, 1921-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், டெட்ரா எத்தில் ஈயம் என்னும் சேர்மம் சோதிக்கப்பட்டது. பெட்ரோலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலே தட்டல் அடங்கிற்று. 1923-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அது விற்பனைக்கு வந்தது. அதற்கு இட்ட பெயர் 'எத்தில்' என்பது மட்டுமே. ஈயம் என்னும் சொல் பெயரில் இடம்பெறவில்லை.

அளவுகோல் பிறந்தது

மருந்து வந்துவிட்டது, நோயை அளக்கும் கோல் இன்னும் வரவில்லை. ஒருவர் பெட்ரோலை மற்றொருவர் பெட்ரோலோடு ஒப்பிடப் பொதுவான அளவு வேண்டியதாயிற்று. 1926-இல் கிரகாம் எட்கர் என்னும் வேதியியலார் அதற்கு வழி கண்டார்.

அவர் இரண்டு தூய நீர்மங்களைத் தேர்ந்தார். ஒன்று நார்மல் ஹெப்டேன். ஏழு கரி அணுக்கள் ஒரே நேர்கோட்டில் சங்கிலிபோல் கோத்து நிற்பது அது. ஜெஃப்ரி பைன் என்னும் மரத்தின் பிசினிலிருந்து அது தூயதாகக் கிடைத்தது. இத்தகைய நீண்ட சங்கிலி சூட்டில் எளிதில் அறுபடும். ஆதலின் அது மிகக் கடுமையாகத் தட்டும். மற்றொன்று ஐசோ ஆக்டேன். எட்டுக் கரி அணுக்கள் கிளைவிட்டு நெருங்கி நிற்பது அது. எளிதில் சிதறாத கட்டமைப்பு உடையதாகலின், அது தட்டலை நன்கு தாங்கும். 'ஆக்ட்' என்னும் சொல்லுக்கு எட்டு என்பதே பொருள். ஹெப்டேனுக்கு 0 என்றும், ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும் எண் கொடுக்கப்பட்டது.

ஒரு பெட்ரோல், 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை தட்டுவது போலவே தட்டுமானால், அதன் ஆக்டேன் எண் 95 ஆகும். அப்பெட்ரோலில் 95 பங்கு ஆக்டேன் இருக்கின்றது என்பது இதன் பொருளன்று. தட்டலைத் தாங்குவதில் அது அக்கலவைக்கு நிகர் என்பதே பொருள். பின்னர் அமுக்கத்தை மாற்றக்கூடிய ஒற்றை உருளைச் சோதனை எஞ்சின் ஒன்று பொது அளவாக ஏற்கப்பட்டு, இன்றளவும் அவ்வகை எஞ்சினே பயன்படுகின்றது. நிமிடத்திற்கு 600 சுற்றில் மென்மையாகச் சோதித்துப் பெறும் எண் 'ரோன்' எனப்படும். 900 சுற்றில், கலவையை மிகச் சூடாக்கிக் கடுமையாகச் சோதித்துப் பெறும் எண் 'மோன்' எனப்படும். ஒரே பெட்ரோலுக்கு மோன் எண் ரோனினும் குறைவாகவே வரும்.

இவ்வெண்ணின் ஆற்றலை உலகம் போரில் கண்டது. 1940-இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்கள் 100 ஆக்டேன் எரிபொருளால் தம் எஞ்சினுக்குள் காற்றை மிகுதியாகத் திணித்துப் பறந்தன. அந்நாளிலேயே சாலையில் ஓடிய வண்டிகளுக்குப் பங்கீட்டில் கிடைத்த 'பூல்' பெட்ரோல் சுமார் 70 ஆக்டேன் கொண்டதாகவே இருந்தது. பூல் பெட்ரோல் 1953-இல்தான் பிரிட்டனில் ஒழிந்தது. நல்ல பெட்ரோல் வந்த பின்னரே அந்நாட்டு மோட்டார் சைக்கிள்களின் அமுக்க விகிதம் உயரலாயிற்று. எஞ்சின் எரிபொருளுக்கேற்ப வளர்ந்தது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. விமான எஞ்சின் உயர்ந்த எண்ணால் பயன் பெற்றது உண்மை. அதற்கேற்ப அழுத்தத்தை உயர்த்தியதனாலேயே பெற்றது. பெட்ரோலை மட்டும் மாற்றி எஞ்சினை மாற்றாதிருந்தால் ஒரு பயனும் விளைந்திராது.

பிள்ளைகள் கொடுத்த விலை

இனித் துயரப் பகுதி. ஈயம் நஞ்சு என்பது பண்டைய ரோமானியரே அறிந்த செய்தி. 1924-ஆம் ஆண்டு அக்டோபரில், நியூ ஜெர்சி மாநிலத்தில் இந்த ஈயச் சேர்மத்தைச் செய்த ஆலையில் தொழிலாளர் சித்தம் கலங்கி, ஐவர் மாண்டனர். மேலும் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அம்மாதமே மிட்ஜ்லி பத்திரிகையாளர் முன் தோன்றி, அந்நீர்மத்தால் கையைக் கழுவி, அதன் ஆவியை முகர்ந்து, தீங்கில்லை என்று காட்டினார். அவரோ அதற்கு முந்திய ஆண்டிலேயே ஈய நஞ்சுக்கு ஆட்பட்டு ஓய்வெடுத்தவர்!

1925-ஆம் ஆண்டு மே மாதத்தில் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில், தொழில் நோய் வல்லுநரான ஆலிஸ் ஹாமில்டன் அம்மையாரும் வேறு சிலரும் எச்சரித்தனர். விற்பனை சிறிது காலம் நின்றது. தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று ஆய்வுக் குழு அறிவிக்க, 1926-இல் மீண்டும் தொடங்கியது. சாராயத்தையும் பெட்ரோலோடு கலந்து தட்டலைத் தடுக்கலாம் என்பது அன்றே தெரிந்திருந்தது. எனினும் ஈயமே வென்று, உலகெங்கும் பரவிற்று.

நாற்பது ஆண்டுகள் கழித்து உண்மை வேறொரு வழியாக வந்தது. கிளேர் பேட்டர்சன் என்னும் அறிவியலார் பூமியின் வயதை ஈயத்தின் வகைகளைக் கொண்டு கணக்கிட முயன்றார். 1956-இல் அது 455 கோடி ஆண்டுகள் என வெளியிட்டார். அம்முயற்சியில், எங்கும் பரவிக் கிடந்த ஈயத் தூசு அவர் சோதனைகளைக் கெடுத்தவண்ணம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்து, மனித உடலில் உள்ள ஈயம் இயற்கையின் அளவினும் மிக மிகுதி என்று 1965-இல் எழுதினார். 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்னும் மருத்துவர், பிள்ளைகளின் விழுந்த பால்பற்களில் ஈயத்தை அளந்தார். ஈயம் மிகுந்த பிள்ளைகள் அறிவுத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றனர். வகுப்பில் கவனம் சிதறுவோராகவும் ஆசிரியர்களால் குறிக்கப்பட்டனர்.

ஆசிரியர் தொழிலில் உள்ளோர் இதனைச் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். நகரச் சாலை ஓரங்களில் வாழ்ந்த எத்தனைப் பிள்ளைகள் 'மந்தபுத்தி' என்றும் 'சோம்பேறி' என்றும் பெயர் வாங்கியிருப்பர்! குற்றம் அவர்கள் சுவாசித்த காற்றிலே இருந்திருக்கக்கூடும் என்று அந்நாளில் எவர் நினைத்தனர்?

அமெரிக்காவில் 1975 முதல், புகையைத் தூய்மைப்படுத்தும் கருவி புதிய கார்களில் பொருத்தப்பட்டது. ஈயம் அக்கருவியைக் கெடுக்கும். எனவே ஈயமற்ற பெட்ரோல் தேவையாயிற்று. எண்ணெய் ஆலைகள் சங்கிலி வடிவச் சேர்மங்களைக் கிளை வடிவமாகவும் வளைய வடிவமாகவும் மாற்றும் முறைகளைக் கொண்டே எண்ணை உயர்த்தக் கற்றன. சிங்கப்பூரில் 1998-ஆம் ஆண்டு ஜூலையோடு ஈயப் பெட்ரோல் நின்றது. இந்தியாவில் 2000-இல் நின்றது. உலகில் இறுதியாக 2021-ஆம் ஆண்டு ஜூலையில் அல்ஜீரியாவில் நின்றது. ஆக, அந்நச்சு சாலைகளை விட்டு நீங்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

எந்த வண்டிக்கு எந்த எண்?

இவ்வளவும் அறிந்த பின் முதல் வினாவுக்குத் திரும்பலாம். ஆக்டேன் எண் வலிமையைக் குறிப்பதன்று, பொறுமையைக் குறிப்பது. எவ்வளவு அமுக்கினாலும் தானாகப் பற்றாமல், மின்பொறிக்காகக் காத்திருக்கும் பொறுமை அது. இதற்குச் சான்று வேண்டின், தூய சாராயத்தைக் காண்க. அதன் ஆக்டேன் எண் 100-க்கும் மேல். ஆனால் ஒரு லிட்டரில் அடங்கிய வெப்பம் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. 95-க்கும் 97-க்கும் இடையே வெப்பத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

1958-இல் ஹோண்டாவின் சூப்பர் கப் பிறந்தது. அவ்வாண்டிலேயே பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை மலாயாவுக்குக் கொணரலானார். அதன் வழிவந்த 110, 125 சி.சி. வண்டிகளில் அமுக்க விகிதம் பெரும்பாலும் 9-ஐ ஒட்டியே இருக்கும். உருளையும் சிறியது. உருளை சிறிதாயின் சுடர் கடக்கும் தொலைவும் சிறிது. எஞ்சின் விரைந்து சுழல்வதால் எஞ்சிய கலவைக்குத் தானாகப் பற்ற நேரமும் குறைவு. ஆதலின் இவ்வகை வண்டிகள் உயர்ந்த எண்ணை வேண்டுவதில்லை. மலேசியாவில் 2009-இல் ரோன் 92 நீங்கி ரோன் 95 அதன் இடத்தைப் பெற்றது. இவ்வண்டிகளுக்கு அது போதுமானது. 12, 13 என அமுக்க விகிதம் உயர்ந்த பந்தய வகை வண்டிகளின் நிலை வேறு. அவற்றுக்குத் தயாரித்தவர் குறித்த எண்ணைத் தருதல் கட்டாயம். ஆகவே, வண்டியோடு வரும் கையேடே முதல் வழிகாட்டி.

கையேட்டைப் படிக்கும்பொழுது ஒரு விழிப்பு வேண்டும். அமெரிக்காவில் ரோன், மோன் ஆகிய இரண்டின் சராசரியை நிலையங்களில் எழுதுவர். அங்கே 87 என்பது இங்கே ரோன் 91 அல்லது 92-க்கு நிகர். அவ்வேறுபாடு அறியாது, அமெரிக்கக் கையேட்டில் 91 என்று கண்டு இங்கே ரோன் 91 போதும் எனக் கொள்வது தவறு. அது ஏறக்குறைய ரோன் 95 அல்லது 96 ஆகும்.

குறித்த எண்ணினும் தாழ்ந்த பெட்ரோலை ஊற்றினால் தட்டல் தோன்றும், எஞ்சின் கெடும். உயர்ந்ததை ஊற்றினால் கேடு இல்லை, பயனும் இல்லை. தட்டலை உணர்ந்து பொறியின் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் கருவி பல கார்களில் உண்டு. சிறிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் இல்லை. எனவே, பெட்ரோலின் உயர்வை வண்டி அறிந்துகொள்ள வழியே இல்லை.

சரியான பெட்ரோலை ஊற்றியும் மேடேறும்பொழுது தட்டல் கேட்குமாயின், காரணம் வேறிடத்தில் இருக்கின்றது. உருளையின் தலையில் கரி படிந்து இடத்தைக் குறைத்திருக்கலாம். பொறியின் நேரம் முந்தியிருக்கலாம். பொருந்தாத ஸ்பார்க் பிளக் மாட்டப்பட்டிருக்கலாம். உயர்ந்த கியரிலேயே வண்டியை இழுக்க வைத்திருக்கலாம். கியரைக் குறைத்துப் பார்த்து, ஓசை நீங்காவிடின் பட்டறையில் காட்டுதல் முறை. உயர்ந்த எண்ணை ஊற்றி ஓசையை அடக்குவது, காய்ச்சலுக்குக் காரணம் பாராது போர்வை போர்த்துவதை ஒக்கும்.

போர்னியோவில் நல்ல பெட்ரோல் தீயிலிடப்பட்டது ஓர் எண்ணைத் தவறாகப் படித்தமையால். இன்று கூலிக்கு உழைப்போரின் காசு வீணாவதும் ஓர் எண்ணைத் தவறாகப் படிப்பதால்தான். எண்களைக் கூட்டவும் கழிக்கவும் பள்ளியில் கற்பிக்கின்றோம். ஓர் எண்ணைக் கண்டவுடன், 'இஃது எதனை அளக்கின்றது? எதனை அளக்கவில்லை?' என்று கேட்கவும் மாணாக்கர்க்குக் கற்பித்தல் ஆசிரியர் கடனாகும். பெட்ரோல் நிலையத்து எண்ணுக்கும் இது பொருந்தும். தேர்வுத் தாளில் சிவப்பு மையால் இடும் எண்ணுக்கும் இது பொருந்தும்.